பாடுதலும் ஆய்தலும்: கே. ஏ. குணசேகரனின் இசைவாழ்வு

சிலப்பதிகாரத்து வாழ்த்துக் காதையில் அம்மானை வரியும் கந்துக வரியும் ஊசல் வரியும் வள்ளைப் பாட்டும் இடம்பெற்றுள்ளன. மக்கள் வாயில் வழங்கிய பாட்டு வடிவங்களை இளங்கோவடிகள் காப்பியத்துள் ஏற்றுப் போற்றினார் என்பதற்கு இவை சான்றாம். பிற்காலத்தே, 1958-இல் கி. வா. ஜகந்நாதன் பதிப்பித்த 'மலையருவி'யும், 1964-இல் நா. வானமாமலை வெளியிட்ட 'தமிழர் நாட்டுப்பாடல்கள்' என்னும் தொகுப்பும் நாட்டுப்பாடல் ஆய்வுக்கு வழிகோலின. எனினும், அச்சேறிய பாட்டில் சொல் உண்டு, குரல் இல்லை. குரலோடு மறைவன யாவை? பாடுவோரே ஆய்வாளராகவும் விளங்கின் அவற்றுள் எவை மீளும்? இவ்வினாக்களை முனைவர் கே. ஏ. குணசேகரனின் (1955–2016) வாழ்வைக் கொண்டு ஈண்டு ஆராய்வோம்.

குணசேகரன் சிவகங்கைச் சீமையில் இளையான்குடிக்கு அண்மையிலுள்ள மாரந்தை என்னும் ஊரில், தலித் குடும்பம் ஒன்றில் பிறந்தவர். வறுமையையும் சாதி இழிவையும் இளமையிலேயே பட்டறிந்தவர். அப்பட்டறிவை 2005-இல் வெளிவந்த 'வடு' என்னும் தன்வரலாற்றில் ஒளிவுமறைவின்றி எழுதினார். நாட்டுப்புறக் கலைகளை ஆய்ந்து முனைவர் பட்டம் பெற்றார். 'தன்னானே' என்னும் கலைக்குழுவை அமைத்து ஊர்தோறும் பாடினார். புதுவைப் பல்கலைக்கழகத்தின் சங்கரதாஸ் சுவாமிகள் நிகழ்கலைப் பள்ளியில் பேராசிரியராகவும், சென்னை உலகத் தமிழாராய்ச்சி நிறுவனத்தின் இயக்குநராகவும் பணியாற்றினார். மேடையையும் வகுப்பறையையும் அவர் இரு வேறு உலகங்களாகக் கொண்டாரல்லர் என்பது இவற்றால் புலனாகும்.

இத்தகைய வாழ்வு பிற நாட்டிலும் உண்டு. இத்தாலியப் பாடகியார் ஜொவான்னா மரீனி (1937–2024) உரோமை நகரில் முறையான இசைக்கல்வி பெற்றவர். பின்னர் உழவர், தொழிலாளர் பாடல்களின்பால் ஈர்க்கப்பட்டு, ஊரூராகச் சென்று அவற்றைக் கேட்டுக் கற்றுத் தாமே பாடினார். 1964-இல் ஸ்போலேத்தோ இசைவிழாவில் 'பெல்லா சாவ்' என்னும் நிகழ்ச்சி அரங்கேறிற்று. அதன்கண் பாடியோருள் மரீனியும் ஒருவர். முதல் உலகப்போரில் மாண்ட வீரரின் துயரையும் சினத்தையும் உரைக்கும் பாட்டொன்று அங்கே ஒலித்தபோது அவையில் பெருங்கலகம் மூண்டது. படையை இழிவுபடுத்தியதாக வழக்கும் எழுந்தது. மக்களிடையே நெடுங்காலம் வழங்கிவந்த பாட்டுத்தான் அது. செல்வர் நிறைந்த அரங்கில் உரத்துப் பாடப்பட்டமையே அதனை வழக்குப் பொருளாக்கிற்று. மரீனி பிற்காலத்தில் பாரிசுப் பல்கலைக்கழகம் ஒன்றில் இனவரைவிசையியல் கற்பித்தார்.

இருவரும் பாடிக்கொண்டே ஆய்ந்தனர்; ஆனால் வந்த வழி வேறு. மரீனி கற்ற இசையிலிருந்து மக்கள் இசைக்கு இறங்கிச் சென்றவர். குணசேகரனோ மக்கள் இசைக்குள்ளிருந்து கல்விக்கூடத்திற்கு ஏறி வந்தவர். ஆகவே மரீனிக்கு எழாத ஒரு வினா குணசேகரனுக்கு எழுந்தது: கலையைக் காப்பது என்றால், அக்கலையோடு பிணைந்த அடிமைத்தொழிலையும் காப்பதா?

பறையை இதற்கு எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். சாவு வீட்டில் பறையடித்தல் ஒரு சாதியார்மேல் பிறப்புவழிக் கடமையாகச் சுமத்தப்பட்டிருந்தது. அவ்விழிவினின்று விடுபடப் பறையையே துறத்தல் வேண்டும் என்றனர் ஒரு சாரார். கருவி குற்றமற்றது, கட்டாயமே குற்றம் என்றனர் மற்றொரு சாரார். இரு கொள்கைக்கும் பின்னணி ஒரே புண்தான். குணசேகரன் இரண்டாம் நெறியைத் தழுவினார். இசைக்கருவியை ஏவல் தொழிலினின்று பிரித்து, மேடையிலும் அரங்கக் கல்வியிலும் மதிப்புடன் நிறுத்த முயன்றார். கவிஞர் இன்குலாப்பின் 'மனுசங்கடா' என்னும் பாட்டு அவர் குரலால் தமிழகமெங்கும் பரவிற்று. சாதிக் கொடுமையும் பெண்ணடிமையும் ஒன்றையொன்று தாங்கி நிற்றலை அவர்தம் 'பலி ஆடுகள்' நாடகம் காட்டிற்று. அது தமிழ்த் தலித் நாடகத்தின் தொடக்கமாகப் பேசப்படுகிறது.

சேலம், நாமக்கல் சமவெளியில் களப்பணி செய்யும் முதுகலை மாணவர்க்கு இவ்வாழ்வு நேரே பயன்படும். மாரியம்மன் விழாவில் பம்பை முழக்குவோரும், உடுக்கையடித்து அண்ணன்மார் கதை பாடுவோரும், ஒப்பாரி பாடும் மூதாட்டியரும் இப்பகுதியினர். இவர்தம் பாட்டைப் பதிவுசெய்து சொல்லை மட்டும் எழுதிக்கொண்டு திரும்புதல் பாதிப் பணியே ஆகும். யார் பாடினார், யார் முன்னிலையில் பாடினார், விரும்பிப் பாடினாரா, மறுக்க இயலாமற் பாடினாரா, பாடியதற்குப் பெற்றது கூலியா, மதிப்பா, வசையா என்பனவும் பாட்டின் பொருளோடு சேர்ந்தவையே. பாட வல்ல மாணவர் அப்பாட்டைக் கற்றுப் பாடிப் பார்த்தல் நன்று. மூச்சு எங்கே முறிகிறது, அசை எங்கே நீள்கிறது என்பவற்றை ஏட்டினும் தொண்டை தெளிவாகக் காட்டும்.

பாடலைச் செம்மையாகப் பதிப்பித்தல் தமிழ்த்துறைகளின் கடமை, அதனை மறுப்பாரில்லை. பாடுவோரைத் தகவல் தருவோராக மட்டும் கருதாது, உடன் ஆய்வோராக ஏற்றலும் அக்கடமையுள் அடங்கும் என்பதே குணசேகரனின் வாழ்விலிருந்து நாம் பெறும் முடிபு. பாடுவோர் வீட்டுப் பிள்ளைகள் பல்கலைக்கழகத்துள் நுழைந்து தம் மரபைத் தாமே ஆயுங்கால், இதுவரை கேட்கப்படாத வினாக்கள் எழும். அவற்றுக்கு இடந்தருதல் நம் பொறுப்பாகும்.