'இல்லை' என்று சொல்லத் தெரிந்த வடிகட்டி

லினக்ஸ் கெர்னலின் மூலநிரலை இணையத்தில் திறந்து, டிரைவர்ஸ் ஃபோல்டருக்குள் போய்ப் பாருங்கள். கோப்புகளின் பெயர்கள் சட்டென வந்துவிடும். ஒவ்வொன்றும் கடைசியாக எப்போது திருத்தப்பட்டது என்று காட்டும் வரிசைதான் இழுத்தடிக்கும்.

இதில் இணைய வேகத்தைக் குறை சொல்லிப் பயனில்லை. 2005-ல் லினஸ் டோர்வால்ட்ஸ் கெர்னல் வேலைக்காகவே எழுதிய கிட் என்ற பதிப்பு மேலாண்மை மென்பொருள், ஒவ்வொரு கமிட்டிலும் (சேமிக்கும் ஒவ்வொரு மாற்றத்திலும்) எல்லாக் கோப்புகளும் அப்போது இருந்த நிலையைப் பதிந்துகொள்கிறது. எந்தக் கோப்பு எப்போது மாறியது என்ற பட்டியலை வைத்துக்கொள்வதில்லை. யாராவது கேட்டால், கடைசி கமிட்டில் தொடங்கிப் பின்னோக்கிப் போக வேண்டும். முந்தைய நிலையோடு ஒப்பிட வேண்டும். வேறுபாடு கண்ட இடத்தில் நிற்க வேண்டும். கெர்னலில் கமிட்டுகள் 10 லட்சத்தைத் தாண்டிவிட்டன. பல வருடங்களாக யாரும் தொடாத ஒரு கோப்புக்காகச் சர்வர் லட்சக்கணக்கான கமிட்டுகளைப் புரட்டுகிறது.

2018-ல் வந்த கிட் 2.18, எந்தக் கமிட்டுக்கு எது முன்னோடி என்பதைத் தனிக்கோப்பில் எழுதி வைத்தது. கமிட்-கிராஃப் என்று பெயர். நடை வேகமானது, ஒப்பிடும் வேலை அப்படியே இருந்தது. அதற்கு 2020-ல், 2.27 பதிப்பில் விடை வந்தது. யோசனை என்னவோ அரை நூற்றாண்டுப் பழசு: பர்ட்டன் ப்ளூம் 1970-லேயே வெளியிட்ட ப்ளூம் வடிகட்டி.

ஒரு கமிட்டில் மாறிய கோப்புகளின் பெயர்களையும், அவை இருக்கும் ஃபோல்டர்களின் பெயர்களையும் கிட் எடுத்துக்கொள்கிறது. பெயருக்கு 10 பிட் என்ற கணக்கில் ஒரு சிறு பட்டை. ஒவ்வொரு பெயரையும் ஹாஷ் செய்து, அது காட்டும் 7 இடங்களில் 1 என்று குறிக்கிறது. பிறகு ஒரு கோப்பைத் தேடும்போது அதற்குரிய 7 இடங்களைப் பார்த்தால் போதும். ஒரே ஓர் இடத்தில் 0 இருந்தாலும் அந்தக் கமிட் இக்கோப்பைத் தொடவில்லை. திறக்காமலே தாண்டிப் போகலாம். ஏழிலும் 1 இருந்தால் 'இருக்கலாம்' என்றுதான் பொருள். அப்போது மட்டும் நிஜமாக ஒப்பிட வேண்டும். கோப்பைத் தொடாத கமிட்டுக்கும் நூற்றில் ஒருமுறை போல 'இருக்கலாம்' என்று வந்துவிடும். 'இல்லை' பொய்ப்பதே இல்லை. எந்த ஒரு கோப்பையும் பெரும்பாலான கமிட்டுகள் தொடுவதில்லை என்பதால், நமக்கு வேண்டியிருப்பதும் அந்த 'இல்லை'தான்.

512-க்கு மேல் மாற்றங்கள் கொண்ட கமிட்டுக்குக் கிட் பட்டையைக் கணக்கிடுவதில்லை, நேரே ஒப்பிட்டுவிடுகிறது. கெட்டிக்காரத்தனமான சோம்பல்!

சொந்தச் சர்வரில் கிட் நடத்துபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: இந்த வடிகட்டி தானாக உருவாகாது. கமிட்-கிராஃபை எழுதும் கட்டளையோடு 'சேஞ்சுடு-பாத்ஸ்' என்ற விருப்பத்தையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும்.