பானை பெரிசு, மருந்து கொஞ்சம்

கேலாங் சிராய் சந்தையில் பிரியாணி விற்கிற யாரை வேண்டுமானாலும் கேளுங்கள். ஐம்பது பேருக்கான தேக்சாவில் ஒரு படி அரிசியைத் தம் போட்டால் உருப்படாது என்பார். அரிசி ஒரு பக்கம் ஒதுங்கும், ஆவி வெற்றிடத்தில் அலையும், அடி கருகும், மேலே வேகாது. சுட்டு முடித்த ரிவால்வர் தோட்டாவை வீட்டிலேயே மறுபடி நிரப்புவது அமெரிக்காவில் பலருக்குப் பொழுதுபோக்கு. பெரிய குழல் ரிவால்வருக்கு எந்தத் தோட்டா என்று அவர்கள் மல்லுக்கு நிற்பதும் இதே பாத்திரக் கணக்கில்தான்.

சிங்கப்பூரில் அந்த ஆசையே வேண்டாம். 1973ஆம் ஆண்டு ஆயுதக் குற்றச் சட்டப்படி, அனுமதியில்லாமல் தோட்டா மட்டும் வைத்திருந்தாலே குறைந்தது 5 ஆண்டு சிறை, 6 பிரம்படி. துப்பாக்கி கையில் இருக்க வேண்டும் என்பதுகூட இல்லை. ஆனால் கேலாங் லோரோங்குகளில் ரோந்து வந்த போலீஸ்காரர் இடுப்பில் பல ஆண்டுகள் தொங்கிய டாரஸ் ரிவால்வரின் .38 ஸ்பெஷல் தோட்டாவுக்கும் இந்தப் பாத்திரக் கதையில் பங்கு உண்டு.

பித்தளைக் கூடுதான் தேக்சா. அடியில் உள்ள பிரைமர் அடுப்பு, மருந்து அரிசி, ஈயக்குண்டு மூடி. கூட்டின் வாயை உள்பக்கம் மடக்கிக் குண்டைப் பிடித்து வைக்கிற கிரிம்ப், மூடியைச் சுற்றி அப்பும் மாவு. அந்த மாவு இளகினால் என்ன ஆகும்? ஒவ்வொரு முறை சுடும்போதும் ரிவால்வர் பின்னால் உதைக்கிறது. மிச்சமிருக்கும் கூடுகள் அதோடு பின்னுக்குப் போக, குண்டுகள் மட்டும் இருந்த இடத்திலேயே நிற்கப் பார்க்கின்றன. நாலைந்து உதையில் ஒரு குண்டின் மூக்கு, தோட்டாக்களைத் தாங்கிச் சுழலும் சிலிண்டருக்கு வெளியே எட்டிப் பார்க்கும். அப்புறம் சிலிண்டர் சுற்றாது.

தேக்சா ஏன் இவ்வளவு பெரிசாகச் செய்யப்பட்டது? 1873இல் .45 கோல்ட் தோட்டா வந்தபோது உள்ளே போனது கரிமருந்து. அதை வாய்வரை அழுத்தி நிரப்பியாக வேண்டும். கூட்டின் நீளம் 32.6 மில்லிமீட்டர். பிறகு புகையில்லா மருந்து வந்தது. அதே வேகத்துக்கு அதில் கொஞ்சம் போதும். பிரிட்டிஷ்காரர்கள் யோசித்து, 1897இல் தங்கள் .455 வெப்லி கூட்டையே வெட்டிச் சிறிதாக்கினார்கள். என்னைக் கேட்டால் அதுதான் நல்ல சமையல்காரன் செய்கிற வேலை. அமெரிக்கர்கள் பழைய துப்பாக்கிகளை விட மனமில்லாமல் பானையை அப்படியே வைத்துக்கொண்டார்கள். 1898இல் கரிமருந்தோடு பிறந்த .38 ஸ்பெஷலும் அப்படித் தங்கிய பானைதான்.

காலியிடத்தால் இரண்டு தொல்லை. மருந்து பிரைமர் பக்கம் கிடக்கிறதா குண்டின் பக்கம் கிடக்கிறதா என்பதைப் பொறுத்து வேகம் மாறும். மற்றது உயிருக்கே ஆபத்து: கவனப் பிசகில் ஒரே கூட்டில் இருமுறை மருந்து கொட்டினாலும் வழியாது, சட்டென்று கண்ணிலும் படாது. அதனால் குண்டை வைக்கும் முன் ஒவ்வொரு கூட்டுக்குள்ளும் விளக்கடித்துப் பார்ப்பது கட்டாயம்.

பெரிய பானையை நிறைத்தால் என்ன என்று கிளம்பியவர் ஐடஹோ மாநிலத்து எல்மர் கீத். .45 கோல்ட்டில் மருந்தை ஏற்றிப் பார்த்ததில் ரிவால்வரே பிளந்தது. .44 ஸ்பெஷல் தோட்டாவுக்கு மாறினார். அதே பருமன் சிலிண்டரில் துளை சிறுத்தால் சுவர் தடிக்கும் அல்லவா? அவர் விடாமல் நச்சரித்ததன் பலன்தான் 1955இல் வந்த .44 மேக்னம். ஸ்பெஷலுக்கு அமெரிக்கத் தொழில்துறை வைத்த அழுத்த வரம்பு சதுர அங்குலத்துக்கு 15,500 பவுண்டு, மேக்னத்துக்கு 36,000. கூட்டை மூன்று மில்லிமீட்டர் நீட்டியது, இந்தத் தோட்டா பழைய ஸ்பெஷல் துப்பாக்கிக்குள் தப்பித்தவறியும் நுழையக்கூடாது என்பதற்காக.

ஆக, காகித இலக்கில் மெல்லச் சுடுகிறவருக்கு ஸ்பெஷல் கூடு தாராளம். காட்டில் கரடிக்குப் பயந்து நடப்பவருக்கு மேக்னம். மேக்னம் ரிவால்வரில் ஸ்பெஷலையும் போட்டுச் சுடலாம். ஒரு வம்பு மட்டும் உண்டு: குட்டைக் கூடு முடிகிற இடத்தில் சிலிண்டர் துளைக்குள் கரி வளையமாகப் படியும். அதைத் தேய்த்து எடுக்காவிட்டால் நீளக் கூடு உள்ளே போக அடம்பிடிக்கும். தேய்க்கச் சோம்பல்படுகிறவர்கள் மேக்னம் கூட்டிலேயே மிதமாக நிரப்பிக்கொள்கிறார்கள்.