வெம்மை தணிக்கும் வீடு

உணவும் உடையும் போலவே உறையுளும் மக்கள் வாழ்விற்கு இன்றியமையாதது. குளிர் மிகுந்த நாடுகளில் வாழ்வோர், வீட்டினுள் உள்ள வெப்பம் வெளியேறாமல் காப்பதற்கே தம் பொருளில் ஒரு பெரும்பகுதியைச் செலவிடுகின்றனர். அங்கே மின்கட்டணத்திற்கு அஞ்சும் எளிய குடும்பத்தார், சாளர இடுக்குகளைத் துணியால் அடைத்து, ஓர் அறையை மட்டும் மின்னாற்றலால் சூடேற்றிக்கொண்டு பனிக்காலத்தைக் கழிப்பதும் உண்டு. தமிழ்நாட்டின் தென்பகுதியில் வாழ்வோர்க்குள்ள கவலை இதற்கு நேர்மாறானது. வெளியே உள்ள வெப்பம் உள்ளே புகாமல் காப்பதே இவர்தம் கவலை. எனினும், இரு நாட்டார்க்கும் பொருந்தும் உண்மை ஒன்றுண்டு. வெப்பத்தை வீட்டின் எல்லையிலேயே தடுத்து நிறுத்துவது எளிது. புகுந்த வெப்பத்தோடும் போன வெப்பத்தோடும் மின்கருவிகளைக் கொண்டு போராடுவது பெருஞ்செலவு. இவ்வுண்மையை விருதுநகர், சிவகாசிப் பகுதியின் வீடுகளைக் கொண்டு நன்கு அறியலாம்.

விருதுநகர் மாவட்டம் 1985 ஆம் ஆண்டில் இராமநாதபுரம் மாவட்டத்திலிருந்து பிரித்து அமைக்கப்பட்டது. இதன் மேற்கே மேற்குத் தொடர்ச்சி மலை உயர்ந்து நிற்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று, தான் சுமந்துவரும் நீரில் பெரும்பகுதியை மலைக்கு அப்பாலுள்ள கேரளத்தில் பொழிந்துவிட்டு, வறண்ட காற்றாகவே இப்பக்கம் இறங்குகிறது. ஐப்பசி, கார்த்திகைத் திங்கள்களில் பெய்யும் வடகிழக்குப் பருவமழையையே இங்குள்ள கரிசல் நிலம் பெரிதும் நம்பியிருக்கிறது. எஞ்சிய நாள்களில் வானம் வெளுத்தும் நிலம் வெடித்தும் கிடக்கும்.

இவ்வறட்சியே சிவகாசிக்கு ஒரு வகையில் வாழ்வளித்தது. அய்ய நாடார், சண்முக நாடார் ஆகிய இருவரும் 1922 ஆம் ஆண்டில் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுவந்து தம் ஊரில் தொடங்கினர். அதனைத் தொடர்ந்து பட்டாசுத் தொழிலும் அச்சுத் தொழிலும் வளர்ந்தன. மருந்து தோய்த்த தீக்குச்சியும், பட்டாசுத் திரியும், காகிதக் குழாயும் உலர்வதற்கு ஈரமற்ற காற்றும் இடையறாத வெயிலும் வேண்டும். அவ்விரண்டும் இங்கே விலையின்றிக் கிடைத்தன. ஆனால், பகலில் தொழிலுக்குத் துணைநின்ற அதே வெயில், மாலையில் தொழிலாளர் வீடு திரும்பும்போது அவர்களுக்கு முன்னரே வீட்டினுள் புகுந்து காத்திருக்கிறது.

இதனை வெறும் வசதிக் குறைவு என்று எண்ணுதல் தவறு. பட்டாசு மருந்தைக் கையாளும் அறைகளில் மின்விசிறி சுழல்வதில்லை. ஒரு சிறு பொறியும் பேரிடர் விளைவிக்கும் என்பதே காரணம். அங்கே பகலெல்லாம் வியர்த்து உழைப்போர் இரவிலாவது உடல் குளிர்ந்து உறங்க வேண்டும். கண்ணும் கையும் தவறாது இயங்க வேண்டிய தொழிலில், உறக்கம் கெட்டவரின் சோர்வு அவரோடு நில்லாது; அருகிருப்போரையும் தாக்கக்கூடும். மேலும், கைக்குழந்தைகளும் முதியோரும் நோயுற்றோரும் மிகுவெப்பத்தைத் தாங்கமாட்டார். தமிழ்நாட்டு அரசு 2024 ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் வெப்ப அலையை மாநிலப் பேரிடர்களுள் ஒன்றாக அறிவித்ததும் இக்கொடுமை கருதியே ஆகும்.

வெப்பம் ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்கு மூன்று வழிகளில் செல்லும் என்பது அறிவியல் பாடத்தில் கற்ற செய்தியே. கதிரவனின் ஒளி கதிர்வீச்சால் கூரையை அடைகிறது. கூரையின் மேற்பரப்பிலிருந்து கடத்தல் முறையில் அடிப்பரப்பிற்கு இறங்குகிறது. சூடேறிய காற்று, கதவு வழியாகவும் சாளரத்தின் வழியாகவும் சலனத்தால் உட்புகுகிறது. இம்மூன்று வாயில்களையும் அடைத்துவிட்டால் வீடு தானே குளிரும். இவற்றுள் முதலில் காக்க வேண்டியது எது?

விருதுநகர் நிலநடுக்கோட்டிற்கு வடக்கே ஏறத்தாழ ஒன்பதரைப் பாகை தொலைவில் உள்ளது. ஆதலால் ஏப்ரல் நடுப்பகுதியிலும் ஆகஸ்டு இறுதியிலும் நண்பகற் கதிரவன் இவ்வூரின் உச்சிக்கு நேராக நிற்கிறான். பிற திங்கள்களிலும் அவன் உச்சியை விட்டு நெடுந்தொலைவு விலகுவதில்லை. எனவே சுவர்களைவிடக் கூரையே மிகுதியான வெயிலை ஏற்கிறது. ஐந்நூறு சதுர அடிப் பரப்புடைய ஒரு சிறு வீட்டின் கூரையை எண்ணிப் பார்க்கலாம். அஃது ஏறத்தாழ 46 சதுர மீட்டர் ஆகும். தெளிந்த நண்பகலில் ஒவ்வொரு சதுர மீட்டரிலும் ஏறத்தாழ 1,000 வாட் அளவுள்ள ஆற்றல் விழுகிறது. ஆக, அக்கூரையின் மேல் விழுவது 46,000 வாட். இது 75 வாட் மின்விசிறிகள் அறுநூற்றினை ஒருங்கே இயக்கவல்ல ஆற்றல்! இதில் ஒரு பங்கே வீட்டினுள் இறங்குகிறது என்றாலும், அதனை ஒற்றை விசிறியால் எதிர்ப்பது இயலுமா?

இக்காலத்துக் கற்காரைக் கூரை, அதாவது கான்கிரீட்டுத் தளம், பகலில் உண்ட வெப்பத்தை உடனே உமிழ்வதில்லை. சில மணி நேரம் தன்னுள் தேக்கிவைத்து, மக்கள் படுக்கைக்குச் செல்லும் முன்னிரவில் கீழ்நோக்கி வீசுகிறது. வெளியே காற்றுக் குளிர்ந்த பின்னரும் உள்ளே புழுங்குவது இதனாலேயாகும். முன்னோர் இதனை அறிந்திருந்தனர். அவர்கள் தளத்தின் மேல் செங்கற் சல்லியும் சுண்ணாம்பும் கலந்த காரையைக் கெட்டித்து, அதன்மேல் தட்டோடு பதித்தனர். காரையோடு கடுக்காய் நீரும் வெல்லமும் சேர்த்தனர். அந்தப் பருத்த போர்வை வெப்பம் கீழே இறங்குவதைக் குறைத்தது. ஓட்டு வீடுகளில் கூரைக்கும் அறைக்கும் இடையே மச்சு அமைத்ததும் இக்கருத்தினாலேதான். இடையிலுள்ள காற்று, வெப்பம் விரைந்து இறங்காமல் காத்தது.

தட்டோடு பதிக்கப் பொருள் இல்லாதார்க்கும் ஓர் எளிய வழி உண்டு. அது சுண்ணாம்பு. அருப்புக்கோட்டையை அடுத்த பந்தல்குடிப் பகுதியில் சுண்ணாம்புக்கல் வெட்டி எடுக்கப்படுகிறது; ஆக, இம்மாவட்டத்தார்க்கு அஃது அயற்பொருள் அன்று. கருத்த தளம் தன்மேல் விழும் ஒளியில் பெரும்பகுதியை உண்டு சூடாகிறது. புதிதாக வெள்ளையடித்த தளமோ அதில் பெரும்பகுதியை வானத்திற்கே திருப்பி அனுப்புகிறது. நண்பகலில் இரண்டின் மேலும் கை வைத்துப் பார்த்தால் வேறுபாடு விளங்கும். பொங்கலுக்குச் சுவர்களை வெள்ளையடிக்கும் வழக்கம் எல்லார்க்கும் உண்டு. பங்குனியில் ஒரு நாள் மாடித் தளத்திற்கும் அதனைச் செய்தால், சித்திரை வெயிலும் கத்திரி வெயிலும் வலுவிழக்கும். நீற்றிய சுண்ணாம்பை ஊறவைத்து வடிகட்டி, சிறிது பசை சேர்த்து, தூசி போகப் பெருக்கிய தளத்தின் மேல் இரண்டு மூன்று முறை பூச வேண்டும். ஐப்பசி மழை அதனைக் கரைத்துவிடும். ஆனால், அப்போது அதன் தேவையும் குறைந்திருக்கும். சுண்ணாம்பு கண்ணில் தெறித்தால் பெருந்தீங்கு விளையும். ஆதலால் பெரியோரின் துணையின்றிச் சிறுவர் இப்பணியில் இறங்குதல் கூடாது. கல்நார்த் தகடு வேய்ந்த கூரையின் மேல் எவரும் ஏறி நிற்றலும் ஆகாது. அஃது உடைந்து உயிருக்கு ஊறு விளைவிக்கும்.

எளிய இம்முறையை இன்று நகரங்களும் நாடுகளும் மதித்துப் போற்றுகின்றன. குசராத்து மாநிலத்து அகமதாபாத்து நகரம் 2010 ஆம் ஆண்டுக் கோடையில் பல உயிர்களை இழந்தது. அதன்பின் 2013 இல் அந்நகரம் வெப்பத்தை எதிர்கொள்வதற்கெனத் தனித் திட்டம் வகுத்தது. 2017 இல் எளியோர் வாழும் பகுதிகளின் கூரைகளுக்கு வெண்பூச்சுப் பூசும் பணியையும் மேற்கொண்டது. தெலங்கானா அரசு 2023 இல் குளிர்கூரைக்கென ஒரு கொள்கையையே வெளியிட்டது.

கூரைக்கு அடுத்து, காலை வெயில் தாக்கும் கிழக்குச் சுவரும் மாலை வெயில் தாக்கும் மேற்குச் சுவரும் காப்பு வேண்டுவன. மேற்குப் பக்கத்தில் ஒரு வேம்போ புங்கமோ நட்டால், சில ஆண்டுகளில் அது செலவில்லாத திரையாகும். இடமில்லாதார் பந்தலிட்டு அவரை, சுரை, புடலைக் கொடிகளைப் படரவிடலாம். நிழலோடு கறியும் கிடைக்கும். சாளரத்திற்குத் திரை இடுவோர் அதனை உள்ளே தொங்கவிடுவதைவிட வெளியே தட்டியாகக் கட்டுதல் நன்று. கண்ணாடியைக் கடந்து வந்த ஒளி ஏற்கெனவே வீட்டினுள் புகுந்துவிட்டதன்றோ? பனையோலை வேய்ந்த கூரை மிகவும் குளிர்ச்சி தருவதே. ஆயினும் வாணமும் மத்தாப்பும் பிறக்கும் இவ்வட்டாரத்தில் அது தீக்கு இரையாகும் அச்சம் பெரிது. ஆதலின் மாடியின் மேல் ஓலைப் பந்தல் இடுவதைக் காட்டிலும் வெள்ளையடித்தலே அறிவுடைமை.

கதவும் சாளரமும் எந்நேரமும் திறந்திருந்தால் காற்று வரும் என்று பலர் கருதுகின்றனர். கோடை நண்பகலில் வருவது அனற்காற்றே. எனவே காலை வெயில் ஏறியதும் அவற்றை மூடி, வெளிக்காற்றுக் குளிர்ந்த பின் எதிரெதிர்ச் சாளரங்களை விரியத் திறத்தல் வேண்டும். இரவு முழுவதும் குளிர்ந்த சுவர், மறுநாள் முற்பகல் வரை வீட்டைக் காக்கும். சமைக்கும் வேலையைக் காலையிலேயே முடிப்பதும் உள்ளே பிறக்கும் வெப்பத்தைக் குறைக்கும். இவற்றிற்கு ஒரு காசும் செலவில்லை.

வறண்ட நாட்டிற்கு இயற்கை தந்த மற்றொரு துணை, நீர் ஆவியாதல். மண்பானை நீர் குளிர்வது இதனாலேயே. ஒரு லிட்டர் நீர் ஆவியாகும்போது கவர்ந்துகொள்ளும் வெப்பம், ஏறத்தாழ மூன்றில் இரண்டு யூனிட் மின்னாற்றலுக்கு ஒப்பாகும். கடற்கரை ஊர்களில் காற்று ஏற்கெனவே ஈரம் நிறைந்திருப்பதால் இம்முறை அவ்வளவாகப் பயன்தராது. சாத்தூர், சிவகாசி போன்ற ஊர்களின் கோடைக் காற்றிலோ மிகுந்த பயன் தரும். சாளரத்தில் நனைத்த வெட்டிவேர்த் தட்டியோ கோணிப்பையோ தொங்கவிட்டு, எதிர்ச் சாளரத்தைச் சற்றே திறந்துவைத்தால் புகும் காற்றுக் குளிரும். குடிநீருக்கே அலையும் ஊரில் மாடித் தளத்தில் குடம் குடமாக நீர் ஊற்றுதல் தகாது. துணி அலசிய நீரே தட்டியை நனைக்கப் போதும்.

இவையெல்லாம் செய்த பின்னரே மின்விசிறியின் முறை வருகிறது. மின்விசிறி அறையின் காற்றைக் குளிர்விப்பதில்லை. உடலின் வியர்வையை விரைந்து ஆவியாக்கி உடலையே குளிர்விக்கிறது. ஆகவே ஆளில்லாத அறையில் அது சுழல்வது வீணே. வெப்பம் 40 பாகையைக் கடந்த நேரத்தில் விசிறி அனலையே உடலின் மேல் வீசும். அப்போது ஈரத்துணியால் உடலைத் துடைத்துக்கொள்ளுதலும், அடிக்கடி நீர் பருகுதலும் வேண்டும்.

மின்செலவைக் கணக்கிடுதல் எளிது. ஆயிரம் வாட் கருவி ஒரு மணி நேரம் இயங்கினால் ஒரு யூனிட். தமிழ்நாட்டில் இரண்டு திங்களுக்கு ஒரு முறை வீட்டு மின்கணக்கு எடுக்கும் வழக்கத்தை ஒட்டி, முதல் 100 யூனிட்டுக்குக் கட்டணமில்லை என 2016 ஆம் ஆண்டு மே திங்களில் ஆணை பிறந்தது. 75 வாட் விசிறிகள் இரண்டு, நாளொன்றுக்குப் பத்து மணி நேரம் சுழன்றால் அறுபது நாளில் 90 யூனிட் செலவாகும். அந்த 100 யூனிட்டும் ஏறக்குறைய அவற்றிற்கே சரியாகிவிடும். புதுவகையான 30 வாட் விசிறிகள் இரண்டு அதே வேலையை 36 யூனிட்டில் முடிக்கும். 54 யூனிட் மிச்சம். குளிரூட்டும் கருவியின் கணக்கோ வேறு. ஒன்றரை டன் கருவி இடைவிடாது இயங்கினால் மணிக்கு ஏறத்தாழ ஒன்றரை யூனிட் கொள்ளும். இரவு எட்டு மணி நேரத்தில் பாதி நேரமே அது இயங்குவதாகக் கொண்டாலும், அறுபது நாளில் 360 யூனிட் ஆகும். யூனிட் கூடக் கூட அதன் விலையும் படிப்படியாக உயர்வதால், சிறுவருவாய்க் குடும்பத்தை அது கடனில் ஆழ்த்திவிடும். முதியோர்க்கோ நோயாளர்க்கோ அக்கருவி இன்றியமையாதது எனின், வெள்ளையடித்த கூரையின் கீழ், நிழலுள்ள அறையில் அதனைப் பொருத்துதல் வேண்டும்; அப்போது அதன் உழைப்பும் செலவும் குறையும். பழைய மெல்லிய கம்பிகளில் பெருங்கருவிகளை இணைத்தல் தீவிபத்திற்கு வழிவகுக்கும் என்பதையும் மறத்தலாகாது.

சுருங்கக் கூறின், பொருள் குறைந்தோர் பின்பற்ற வேண்டிய வரிசை ஒன்றுண்டு. முதலாவது, காலமறிந்து கதவைத் திறத்தலும் மூடுதலும். இரண்டாவது, கூரைக்குச் சுண்ணாம்பு. மூன்றாவது, சுவருக்கு நிழல். நான்காவது, தேவைக்கேற்ற விசிறி. குளிரூட்டும் கருவி இறுதியில். இவ்வரிசையைத் தலைகீழாக்குவோர், ஓட்டைக் குடத்தில் நீர் நிரப்புவோரை ஒப்பர். வெயிலைத் தொழிலுக்கு ஏவல்கொண்ட மக்கள், அதனைத் தம் வீட்டு வாயிலில் நிறுத்திவைக்கவும் வல்லவரே. அதற்கு வேண்டுவது பெருஞ்செல்வம் அன்று. வெப்பத்தின் இயல்பை அறிந்த அறிவும், பங்குனியில் ஒரு நாள் உழைப்புமே ஆகும்.