கொல்லைக்காடு – 9
மாசிப் பனியில் அசையாத இறகுகள்

சென்ற வாரம் கிணற்றடித் தவளைகளோடு நின்ற தொடர், இந்த வாரம் பின்வாசலைத் தாண்டி நாலு எட்டு வைக்கிறது. நேரம் காலை ஆறரை. மாசி பிறந்து ஒரு வாரம்.

மாசிப் பனி மச்சைத் துளைக்கும் என்பார்கள். தரங்கம்பாடியை ஒட்டிய காவிரிக் கடைமடையில் அது கொஞ்சம் மிகைதான். வெப்பமானி 22, 23 டிகிரிக்குக் கீழே போனாலே பெரிய விஷயம். ஆனால் வைக்கோல் போர், வாழை இலை, கொடியில் எடுக்க மறந்த துண்டு எல்லாம் சொட்டச் சொட்ட நனைந்திருக்கும். பூச்சி பார்க்க வருபவருக்கு அந்த ஈரம்தான் வரம். மாசியும் பங்குனியும் தமிழ்க் கணக்கில் பின்பனி. எண்ணிக்கையில் மழைக்காலத்தை அடிக்க முடியாது; மூக்கு உரசும் தூரத்தில் போய்ப் பார்க்கப் பின்பனியே மேல்.

அவரைப் பந்தலில் தொங்கும் தட்டானைப் பார்த்தால் விளங்கும். சாயங்காலம் விரலை நீட்டுமுன் காணாமல் போகிற பிராணி அது. வாலில் நூல் கட்டத் துரத்திய பிள்ளைகள் எல்லோருக்கும் தெரியும். இப்போது முகத்துக்கு நேரே கண்ணாடி பிடித்தாலும் அசையவில்லை. நாலு இறகிலும் பனிமுத்து. ஆயிரக்கணக்கான சில்லுகளால் ஆன கண்ணின் மேலும் சின்னச் சின்னத் துளிகள். நம்மைப் போல உடம்புக்குள்ளேயே எந்நேரமும் சூட்டைக் காத்துவைக்கும் ஏற்பாடு பூச்சிகளுக்குக் கிடையாது. வெயில் ஏறினால்தான் பறக்கும் தசை முறுக்கேறும். சில தட்டான்கள் வெயிலுக்குக் காத்திராமல் இறகை நடுக்கியே சூடேற்றிக்கொள்ளும், குளிரில் மனிதன் வெடவெடப்பதைப் போல. அந்த நடுக்கம் தொடங்கிவிட்டால் பார்ப்பவருக்குக் கெடு முடிந்தது என்று அர்த்தம்.

வேலியோரம் நிற்கிற வாதா மரத்தில் இதற்கு நேர்மாறான சுறுசுறுப்பு. தை முழுக்கச் செக்கச்செவேலென்று இலை கொட்டிவிட்டு இப்போதுதான் துளிர்த்திருக்கிறது. துளிரில் அங்கங்கே சின்னப் பீடி தொங்குவது போல ஏதோ சுருண்டு கிடக்கிறது. பிரித்துப் பார்த்து ‘நோய்’ என்று கிள்ளி எறிபவர்கள் உண்டு. அது நோயல்ல, தொட்டில். கட்டியவள் ஒரு பச்சரிசி மணி நீளமே இருக்கிற, கழுத்து நீண்ட, செம்பழுப்பு நிற வண்டு. தளிரின் ஓரத்திலிருந்து நடு நரம்பு வரை கத்தரித்தாற்போல் கடிக்கிறது. நரம்பையும் அரைகுறையாகக் கடித்து, இலை வாடித் துவளும்படி செய்துகொள்கிறது. பிறகு நுனியிலிருந்து சுருட்டத் தொடங்குகிறது. முட்டை உள்ளே, இலை வெளியே. பசை இல்லை, நூல் இல்லை. ஓரத்தை உள்ளே மடித்துச் சொருகுவதோடு சரி. வெற்றிலை மடித்துப் பழகிய கை இதை ரசிக்கும். முட்டையிலிருந்து வரும் புழுவுக்குச் சுவரே சாப்பாடு.

இந்த வண்டின் அறிவியல் பெயர் அப்போடெரஸ் ட்ரான்கிபாரிகஸ். ட்ரான்கிபார் என்பது வேறெங்கும் இல்லை, ஐரோப்பியர் வாயில் தேய்ந்த தரங்கம்பாடிதான். டேனிஷ்காரர்கள் 1620-இல் அங்கே கால் ஊன்றினார்கள். 1845-இல் ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுப் போனார்கள். நடுவில் 1768-இல் யோஹான் கெர்ஹார்ட் கேனிக் என்ற மருத்துவர் வந்து இறங்கினார். உயிரினங்களுக்கு இரட்டைப் பெயர் சூட்டும் முறையை நிலைநாட்டிய லின்னேயஸின் மாணவர். செடி தேடி அலைந்தவர், கறையானையும் விடவில்லை; அதைப் பற்றி 1779-இல் தனிக் கட்டுரையே எழுதினார். அவரும் அங்கிருந்த மிஷனரிகளும் சேகரித்த பூச்சிகள் கப்பலேறி ஐரோப்பா போயின. லின்னேயஸின் இன்னொரு மாணவரான ஃபப்ரிசியஸ், இந்தியாவுக்கு வராமலேயே அவற்றுக்குப் பெயர் வைத்தார். இந்த வண்டுக்கும் பெயர் தந்தவர் அவரே. கிள்ளி எறிகிற சுருளுக்குள் ஊர்ப்பெயர் இருப்பது கடைமடையில் எத்தனை பேருக்குத் தெரியுமோ!

தாழ்வாரத்து இறவாணத்தின் கீழ் மண் காய்ந்து மாவாகிக் கிடக்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் இங்கே குழி தங்காது. இப்போது எண்ணினால் ஒரு முழத்துக்குள் பதினேழு புனல்கள். ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு குழியானை, தாடை மட்டும் வெளியே தெரிய. விளிம்பில் கால் வைத்த கட்டெறும்பு சறுக்குகிறது, பிடித்து ஏறுகிறது. கீழிருந்து மண் மாரி. மணல் எந்தச் சரிவுக்கு மேல் நிற்காதோ அந்தச் சரிவில் குழி வெட்டப்பட்டிருக்கிறது. மூன்றாவது வீச்சில் எறும்பு அடிக்குப் போய்விட்டது. சாற்றை உறிஞ்சிய பிறகு சக்கையை வெளியே எறிந்துவிடும். பின்னோக்கியே நடக்கிற இந்தப் பிராணிக்கு இன்னொரு விசேஷம்: புழுவாக இருக்கும் காலம் முழுதும் கழிவு வெளியேற வழியே இல்லை. குடல் நடுவில் அடைபட்டிருக்கும். சிறகு முளைத்து, தட்டானின் மெலிந்த தங்கச்சி மாதிரி வெளியே வந்த பிறகுதான் மொத்தமாக இறக்கி வைக்கும்.

மாமரத்தடியில் நின்றால் மழை தூறுவது போல இலைகளில் சடசட சத்தம். பூங்கொத்துகளில் குவிந்திருந்த தத்துப்பூச்சிகள் ஆள் அரவம் கேட்டு எகிறுகின்றன. கோதுமை மணி அளவுகூட இல்லாத இவை, பூக்காம்பில் சாறு உறிஞ்சி, இனிப்பு நீரை இலைமேல் சொட்டுகின்றன. அதில் கரும்பூசணம் படர்ந்து இலை புகை பிடித்த சட்டி போலாகிறது. பூ கருகி உதிர்ந்தால் பழியை வீட்டில் பனிமேல் போடுவார்கள். பனிக்கும் பங்கு உண்டுதான்; ஆனால் கொத்தை உலுக்கிப் பார்த்துவிட்டுச் சொன்னால் நல்லது.

அதே கொத்தில் ஈக்கள் மொய்க்கின்றன. முகம் சுளிக்க வேண்டாம். மாம்பூவுக்கு மகரந்தம் சுமப்பதில் தேனீயைவிட ஈக்கே பெரும்பங்கு. தைவானில் மாந்தோப்புக்காரர்கள் மீன் கழிவைப் போட்டு வேண்டுமென்றே ஈ வளர்க்கிறார்கள்.

மேல்கிளையில் முசுறுக் கூடு. நற்றிணையில் இந்த எறும்புக்கு முயிறு என்று பெயர். ஒன்றின் இடுப்பை ஒன்று கவ்விச் சங்கிலியாகி இரண்டு இலைகளை இழுத்து ஒட்டவைக்க, இன்னொரு கூட்டம் தன் குட்டிப் புழுக்களை வாயில் தூக்கி வருகிறது. பட்டு நூல் புழுவிடம்தான் இருக்கிறது, வளர்ந்த எறும்பிடம் இல்லை. தறியில் நாடா போய் வருவது போலப் புழுவை இந்த இலைக்கும் அந்த இலைக்குமாக ஆட்டித் தைக்கிறார்கள். இப்படிக் கொடுத்துத் தீர்த்த புழு, தனக்கென்று கூடு கட்டிக்கொள்வதில்லை. சீனாவின் ஆரஞ்சுத் தோட்டங்களில் பூச்சிகளை ஒழிக்க இந்தக் கூடுகளைச் சந்தையில் வாங்கி மரத்தில் கட்டினார்கள் என்று ஒரு குறிப்பு உண்டு, கி.பி. 304-ஐச் சேர்ந்ததாகச் சொல்லப்படுகிறது. மரத்துக்கு மரம் மூங்கில் பாலமும் போட்டார்களாம். நம் பக்கத்தில் மாங்காய் பறிக்க ஏறுபவர் பாலம் போடும் மனநிலையில் இருப்பதில்லை. கடித்த இடத்திலேயே அமிலத்தையும் பீய்ச்சுகிற பிராணியிடம் நன்றி பாராட்டுவது கஷ்டம். போதாக்குறைக்கு, இனிப்புக்காக மாவுப்பூச்சியை மந்தை மேய்ப்பது போலக் காவல் காக்கவும் செய்யும்.

கறிவேப்பிலைச் செடியில் பறவை எச்சம் போல ஒட்டியிருப்பது வண்ணத்துப்பூச்சியின் இளம்புழு. குச்சியால் தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து பாம்பு நாக்கு போலச் சிவந்த கவை ஒன்று எட்டிப் பார்க்கும். மூக்கைப் பொத்திக்கொள்ளத் தோன்றும். முருங்கையில் கம்பளிப்பூச்சிக் கூட்டம் இருந்த அடையாளமாகத் தண்டில் தீப்பந்தக் கரி மட்டும் மிச்சம்.

எட்டு மணி. ஓட்டுக்கு மேல் ஏறிய வெயில் பந்தலைத் தொட்டுவிட்டது. தட்டான் இறகை இரண்டு தரம் நடுக்கியது. மூன்றாவது தரத்தில் இல்லை. முருங்கைப் பூவில் கருவண்டின் ரீங்காரம். வாதா மரத்தில், காலையில் பாதி சுருண்டிருந்த தளிர் இப்போது முழுப் பீடியாகிவிட்டது. அந்த வண்டு பக்கத்து இலைக்கு நகர்ந்து, ஓரத்தில் பல்லை வைத்திருக்கிறது.

(தொடரும்)