கூவத்தின் அன்றாடச் செலவு

2022 இறுதியில் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அறிக்கை ஒன்று வந்தது. சென்னையின் கூவம் ஆற்றில், ஆவடியிலிருந்து சத்யா நகர் வரையிலான பகுதியில், நீரின் மாசைக் காட்டும் உயிர்வேதி ஆக்சிஜன் தேவை லிட்டருக்கு 345 மில்லிகிராம் என்றது. குளிக்கத் தகுந்த நீருக்கு வரம்பு 3. அந்த அறிக்கைக்காக நாட்டில் அளந்த ஆற்றுப் பகுதிகளில் இவ்வளவு மோசமானது வேறில்லை. கூவம் சீரமைப்புக்கு சுமார் 605 கோடி ரூபாய்த் திட்டம் ஒப்புதல் பெற்று அப்போது ஏழு ஆண்டுகள் ஆகியிருந்தன.

பணம் கிடைக்காத ஆறு அல்ல இது. 1970-களின் தொடக்கத்தில் படகுத்துறைகள் கட்டிப் படகும் விட்டார்கள். 2000-களின் தொடக்கத்தில் தேசிய நதிப் பாதுகாப்புத் திட்டத்தில் சென்னையின் நீர்வழிகளுக்காக 490 கோடிக்கு மேல் வந்தது. ஒவ்வொரு முறையும் பணம் ஒரே உருவில்தான் வருகிறது: ஒரு மதிப்பீடு, ஒரு டெண்டர், ஒரு திறப்பு விழா. ஆற்றின் செலவோ அன்றாடச் செலவு.

முகத்துவாரத்தையே பாருங்கள். துறைமுகம் கட்டியதிலிருந்து அதன் தெற்கே மணல் சேர்ந்துகொண்டே இருக்கிறது. மெரினா அகலமானதே அப்படித்தான். நேப்பியர் பாலத்தருகே இன்று தூர்வாரினால் அலை மறுபடி அடைத்துவிடும். அது ஒருமுறைச் செலவாக எழுதக்கூடிய வேலையே அல்ல. கழிவுநீரும் அப்படியே. 2011-இல் மாநகராட்சியின் பரப்பு 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆனது. சேர்ந்த பகுதிகள் பலவற்றில் பாதாளச் சாக்கடை இல்லை. மழைநீர் வடிகாலே சாக்கடையாயிற்று; வடிகால் போய்ச் சேரும் இடம் ஆறு. குழாய் பதித்தாலும் பம்பு ஓட மின்சாரம் வேண்டும், அடைப்பெடுக்க ஆள் வேண்டும், சுத்திகரிப்பு நிலையம் இரவிலும் இயங்க வேண்டும்.

இவை புகைப்படத்தில் தெரியாது. வேலியும் நடைபாதையும் தெரியும். குடிசைகள் போனதும் தெரியும்: கரையோரம் கணக்கெடுத்த சுமார் 14,000 குடும்பங்களுக்குப் பெரும்பாக்கம் போன்ற தொலைதூரக் குடியிருப்புகளை ஒதுக்கினார்கள். அவர்களை அனுப்பிவிட்டால் ஆறு தெளிந்துவிடும் என்று யாராவது நம்பியிருந்தால், 345 என்ற எண்ணை மறுபடி பார்க்கட்டும்.

நம் அதிகாரிகளும் அரசியல்வாதிகளும் உதாரணம் காட்டும் சியோலின் சோங்கேசோன் ஓடை 2005-இல் திறக்கப்பட்டது. அதில் ஓடும் நீரில் பெரும்பகுதி ஹான் ஆற்றிலிருந்து நாள்தோறும் பம்பு செய்வது. அந்த மின்கட்டணத்தை அந்நகரம் ஆண்டுதோறும் கட்டுகிறது. ஓடையின் அழகைப் பேசுகிறவர்கள் பில்லைப் பற்றிப் பேசுவதில்லை.

2019 பிப்ரவரியில் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் அடையாறு, கூவம், பக்கிங்காம் கால்வாய் மூன்றுக்குமாகத் தமிழக அரசுக்கு 100 கோடி விதித்தது. வேடிக்கைதான்: ஆற்றுக்குச் செலவழிப்பதும் அதே கஜானா, தண்டம் கட்ட வேண்டியதும் அதே கஜானா.

வழி இல்லாமலும் இல்லை. கோயம்பேட்டில் நாளொன்றுக்கு 4.5 கோடி லிட்டர் கழிவுநீரை மறுசுத்திகரித்துத் தொழிற்சாலைகளுக்கு விற்கும் நிலையம் 2019 முதல் இருக்கிறது. கழிவுநீருக்கு வாங்குபவர் உண்டு. அந்த வருமானத்தில் ஒரு பங்கை ஆற்றின் பராமரிப்புக்கென்று சட்டமாக எழுதி ஒதுக்கலாம்.

அடுத்த திட்ட அறிக்கை வெளியாகும்போது, மொத்தத் தொகை அச்சான முதல் பக்கத்தைத் தள்ளிவிட்டு உள்ளே தேடுங்கள். ஒப்பந்தக்காரரின் பராமரிப்புக் காலம் முடிந்த மறுநாள் பம்பின் மின்கட்டணம் எந்தத் துறையின் கணக்கில் வருகிறது? அதைச் சொல்லும் வரி அறிக்கையில் இல்லையென்றால் 345-ஐக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த அளவீட்டோடு ஒப்பிட உதவும்.