எல்லை கடந்த படப் புத்தகங்கள்

அயல்மொழிப் புத்தகத்தின் எழுத்துகளைக் குழந்தையால் படிக்க இயலாது. ஆனால் படங்களைப் படிக்க இயலும். இந்த எளிய உண்மையை நம்பி, போரால் சிதைந்த ஒரு நாட்டில் பெரும்பணி ஒன்றைத் தொடங்கியவர் ஜெல்லா லெப்மன்.

இவர் 1891ஆம் ஆண்டு ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரில் யூதக் குடும்பத்தில் பிறந்தவர், பத்திரிகையாளர். நாஜி ஆட்சியின் கொடுமையால் 1936இல் தம் இரு பிள்ளைகளுடன் நாட்டை விட்டு வெளியேறி இங்கிலாந்தில் தஞ்சம் புகுந்தார். போர் முடிந்த 1945ஆம் ஆண்டில், பெண்கள் மற்றும் இளையோர் நலனுக்கான ஆலோசகராக அமெரிக்க ராணுவம் இவரை ஜெர்மனிக்கு அனுப்பியது.

அப்போது நகரங்கள் இடிபாடுகளாகக் கிடந்தன. உணவும் உடையும் போதாமல் குழந்தைகள் வாடினர். இந்நிலையில் புத்தகம் எதற்கு என்ற கேள்வி எழுவது இயல்பே. ஆனால் பன்னிரண்டு ஆண்டுகள் பிற இனத்தாரை வெறுக்கக் கற்பித்த ஆட்சியில் வளர்ந்த பிள்ளைகள் அவர்கள். உணவைப் போலவே, பிற நாட்டுக் குழந்தைகளின் உலகமும் அவர்களுக்குத் தேவை என்று லெப்மன் கருதினார்.

புத்தகம் வாங்கப் பணம் இல்லை. எனவே, குழந்தைகளுக்கான சிறந்த நூல்களை நன்கொடையாக அனுப்புமாறு இருபது நாடுகளுக்குக் கடிதம் எழுதினார். பல நாடுகள் இசைந்தன. ஜெர்மனியின் படையெடுப்புக்கு இருமுறை ஆளான பெல்ஜியம் மறுத்தது. மூன்றாம் முறை அவ்வாறு நேராதிருக்கவே இந்த முயற்சி என்று விளக்கி லெப்மன் மீண்டும் எழுதினார். பெல்ஜியமும் நூல்களை அனுப்பிவைத்தது.

1946 ஜூலை 3 அன்று மியூனிக் நகரின் ‘ஹவுஸ் டெர் குன்ஸ்ட்’ மாளிகையில் கண்காட்சி தொடங்கியது. தான் ஏற்ற கலையை மட்டும் காட்சிக்கு வைக்க நாஜி அரசு எழுப்பிய கட்டடம் அது. அங்கேயே உலகக் குழந்தைகளின் புத்தகங்கள் இடம்பெற்றன. பின்னர் கண்காட்சி பெர்லின் உள்ளிட்ட நகரங்களுக்கும் சென்றது. சண்டையிட மறுத்துப் பூக்களின் மணத்தை நுகர்ந்திருக்கும் ஃபெர்டினாண்ட் என்னும் காளையின் கதையை லெப்மன் ஜெர்மன் மொழியில் பெயர்த்தார்; செய்தித்தாளில் அச்சான 30,000 படிகள் பெர்லின் குழந்தைகளுக்கு வழங்கப்பட்டன.

அந்தக் கண்காட்சியின் விதையிலிருந்து 1949இல் மியூனிக்கில் பன்னாட்டு இளையோர் நூலகம் முளைத்தது. 1983 முதல் புளூட்டன்பர்க் கோட்டையில் இயங்கும் இந்நூலகத்தில், இருநூறுக்கும் மேற்பட்ட மொழிகளில் ஆறு லட்சத்துக்கும் அதிகமான நூல்கள் உள்ளன. இளையோர் நூல்களுக்கான பன்னாட்டு வாரியமும் லெப்மனின் முயற்சியால் 1953இல் சூரிச்சில் உருவானது. அவ்வாரியம் வழங்கும் ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆண்டர்சன் விருது, 1956இல் எழுத்தாளருக்கும், 1966 முதல் ஓவியருக்கும் உரியதாயிற்று.

பல மொழிகள் வழங்கும் நம் நாட்டிலும் படங்களின் இந்த ஆற்றல் பயன்பட்டுவருகிறது. கேலிச்சித்திரக் கலைஞர் சங்கர் 1957இல் டெல்லியில் குழந்தைகள் புத்தக அறக்கட்டளையை நிறுவினார். நேஷனல் புக் டிரஸ்ட்டின் ‘நேரு பால புத்தகாலயம்’ வரிசையில், அதே ஓவியங்கள் தமிழ் உள்ளிட்ட பல இந்திய மொழிகளின் கதைகளோடு வெளிவருகின்றன.

இனி வீட்டுக் குழந்தைக்குப் பரிசளிக்கும்போது, வேறொரு மாநிலத்தையோ நாட்டையோ காட்டும் படப் புத்தகத்தையும் தேர்ந்தெடுக்கலாம். கதையை உடனே வாசித்துக் காட்ட வேண்டியதில்லை. படத்தில் என்ன தெரிகிறது என்று முதலில் குழந்தையே சொல்லட்டும். அறியாத ஊரின் பிள்ளையும் தன்னைப் போன்றதே என்பதை அது தானாகவே கண்டுகொள்ளும்.