இயற்பெயரும் காரணப்பெயரும்: சங்கப் புலவர் பெயர்களை முன்வைத்து

சங்கப் புலவர் அகரவரிசைகளில் ஒக்கூர் மாசாத்தியாரும் மீனெறி தூண்டிலாரும் ஒரே வகைப் பதிவாக, பெயருக்கு ஓர் ஆள் என்னும் முறையில் இடம்பெறுகின்றனர். முன்னது ஒரு பெண்பாற் புலவரின் ஊரும் பேரும். பின்னதோ, யானை வளைத்துவிட்ட மூங்கில் மேலெழுவதற்குக் குறுந்தொகை 54ஆம் பாடல் கூறும் உவமையைக் கொண்டு, பாடியவரின் பெயர் அறியப்படாத நிலையில் இடப்பட்ட அடையாளம். ஒன்று ஆளைச் சுட்டுகிறது. மற்றொன்று பாடலைச் சுட்டி, அதன்வழி ஆளைச் சுட்டுகிறது. இவ்வேறுபாட்டைக் கருதாமல் எண்ணும்போது, புலவர் 473 பேர், பாடல்கள் 2381 என்னும் வழக்கமான கணக்கின் முற்பகுதி ஆட்களின் தொகையாகத் தோன்றுகிறது. உண்மையில் அது பெயர்களின் தொகையே.

பெயர்களின் இவ்வேறுபாட்டை விளக்க இடுகுறி, காரணம் என்னும் பாகுபாட்டை நாடுவது இயல்பு. ஆனால் அது மட்டும் போதாது. நன்னூல் 62ஆம் நூற்பா இடுகுறி, காரணம் ஆகிய இரண்டையும் பொது, சிறப்பு எனப் பகுக்கிறது. மரம் இடுகுறிப் பொது. பனை இடுகுறிச் சிறப்பு. இங்குச் சிறப்பு என்பது ஓர் இனத்துள் அடங்கும் வகையைக் குறிக்கிறதேயன்றி, தனியொரு பொருளைக் குறிப்பதில்லை. தோப்பிலுள்ள ஒவ்வொரு பனையும் பனைதான். இக்காலப் பாடநூல்களில் தனியொருவர் பெயரையும் 'சிறப்புப்பெயர்' என்று வழங்குவதால் விளையும் குழப்பம் சிறிதன்று. தனியாளின் பெயரைக் குறிக்கத் தொல்காப்பியம் ஆளும் 'இயற்பெயர்' என்னும் சொல்லே இக்கட்டுரைக்குப் பொருத்தமானது.

தொல்காப்பியப் பெயரியல் இயற்பெயரை இருதிணைக்கும் பொதுவான விரவுப்பெயர்களுள் வைக்கிறது. 'சாத்தன் வந்தான்' என்றால் மனிதன். 'சாத்தன் வந்தது' என்றால் எருது. வினைமுடிபு வரும்வரை திணையே தெளிவதில்லை. தான் குறிக்கும் பொருளைப்பற்றி, அது மனிதனா மாடா என்றுகூட, இயற்பெயர் எதையும் கூறுவதில்லை என்பதே இதன் பொருள். சாத்தன் என்னும் சொல்லுக்கு வேர் காட்ட முடியாது என்பதன்று. வணிகக் கூட்டத்தைக் குறிக்கும் சாத்து என்பதோடு அதனை இயைத்துக் காட்டுவோர் உண்டு. எனினும் எருதுக்குச் சாத்தன் எனப் பெயரிட்ட உழவன் அது வாணிகம் செய்யும் என்று கருதியிருக்க மாட்டான். பெயருக்குக் காரணம் இருத்தல் வேறு. அக்காரணத்தைக் கொண்டே பெயர் பொருளைச் சுட்டுதல் வேறு.

இந்நுட்பத்தை நன்னூல் உரையாளர்கள் 'காரண இடுகுறி' என்னும் வகையால் உணர்த்தினர். முள்ளி என்பது அவர்கள் காட்டும் எடுத்துக்காட்டுகளுள் ஒன்று. காரணம் கருதினால் முள்ளுடைய செடிகள் அனைத்துக்கும் அப்பெயர் செல்லும்; காரணம் கருதாதபோது ஒரு குறிப்பிட்ட செடிக்கே உரியதாகும். சொல் ஒன்றுதான்; அது தொழிற்படும் முறை இரண்டு. பள்ளி இலக்கணம் ஓரிரு வரிகளில் கடந்துசெல்லும் இவ்வகை, புலவர் பெயராய்வுக்கு இன்றியமையாதது.

தொடரால் பெயர்பெற்றோர்

செம்புலப்பெயல்நீரார் (குறுந்தொகை 40), அணிலாடு முன்றிலார் (41), விட்டகுதிரையார் (74), கல்பொரு சிறுநுரையார் (290), குப்பைக்கோழியார் (305), தேய்புரிப் பழங்கயிற்றினார் (நற்றிணை 284) முதலிய பெயர்கள் பாடலில் உள்ள தொடரிலிருந்தே அமைந்தவை. தொடரால் பெயரிடும் வழக்கம் புலவர்க்கு மட்டும் உரியதன்று. பதிற்றுப்பத்துப் பாடல்கள் 'புண்ணுமிழ் குருதி' போலத் தம்முள் வரும் தொடர்களையே தலைப்பாகப் பெற்றுள்ளன. கூத்தராற்றுப்படைக்கு மலைபடுகடாம் என்னும் பெயர் வந்ததும் இவ்வாறே. எனவே செம்புலப்பெயல்நீரார் என்பதைப் பாடற்பெயரோடு 'ஆர்' விகுதி சேர்ந்த வடிவம் என்று கொள்வது பிழையாகாது. அவ்விகுதி உயர்வைக் காட்டுகிறது, பாலை மறைக்கிறது. விட்டகுதிரையார் ஆணா பெண்ணா என்பதற்குப் பெயரில் விடையில்லை.

இத்தகைய பெயர்களிலிருந்து வாழ்க்கை வரலாறு வரைதல் இயலாது. ஓரேருழவனாரை ஒற்றை ஏர் கொண்டு உழுது பிழைத்த ஏழைப் புலவராகக் காண்பது கற்பனை. குறுந்தொகை 131இல், காதலியிடம் விரையும் தலைவனின் நெஞ்சத்துக்கு, ஈரம் காயுமுன் உழுதுவிட விரையும் ஓர் ஏர் உழவன் உவமையாகிறான். ஏர் உவமைக்கு உரியது. புலவருக்கு உரியது என்பதற்குச் சான்றில்லை.

ஆனால் இப்பெயரிலேயே வேறொரு சிக்கல் உண்டு. புறநானூறு 193ஆம் பாடலும் ஓரேருழவர் பெயரில் உள்ளது. களர்நிலத்தில் வேட்டைக்காரனிடமிருந்து தப்பி ஓடும் மானைப் பேசும் அப்பாடலில் ஏரும் இல்லை, உழவனும் இல்லை. பெயருக்குரிய காரணம் ஒரு தொகையிலும், பெயர் மற்றொரு தொகையிலும் நிற்கின்றன. குறுந்தொகைத் தொடரால் பெயர்பெற்றவரே புறப்பாடலையும் பாடினார் எனின், அடையாளமாகத் தொடங்கிய பெயர் தன் பாடலை விட்டு நீங்கி அவருக்கு இயற்பெயர்போல் நிலைத்துவிட்டது என்று கொள்ளவேண்டும். இருவரும் வேறு எனின், புறப்பாடலில் அப்பெயர் வந்ததற்கு வேறு விளக்கம் தேட வேண்டும். முதல் விளக்கமே எளிது. எனினும் இரண்டாவதை விலக்கச் சான்றில்லை. முள்ளி காரண இடுகுறியானதைப் போன்ற மாற்றம் ஓர் ஆளின் பெயரிலும் நிகழக்கூடும் என்பதற்கு இதைவிடப் பொருத்தமான சான்று சங்கத் தொகைகளில் காண்பது அரிது.

அடையும் பெயரும்

காக்கைபாடினியார் நச்செள்ளையார் என்னும் பெயரில் காரணப்பெயரும் இயற்பெயரும் அடுத்தடுத்து நிற்கின்றன. சிறப்பினால் வந்த பெயர் முன்னும் இயற்பெயர் பின்னும் வரவேண்டும் என்பது தொல்காப்பியக் கிளவியாக்க விதி (41). சோழன் நலங்கிள்ளி என்பதும் அம்முறையே. குறுந்தொகை 210இல் விருந்து வரக் கரைந்த காக்கையைப் பாடியதால் முற்பகுதி வந்தது. இவரே பாடிய புறநானூறு 278இல் காக்கை இல்லை. ஆயினும் நச்செள்ளையார் என்னும் இயற்பெயர் உடன் இருப்பதால் ஐயம் எழவில்லை. இயற்பெயர் நீங்கி அடை மட்டும் நிற்கும்போதுதான் சிக்கல் தோன்றுகிறது. யாப்பருங்கல விருத்தி எடுத்தாளும் யாப்பு நூலின் ஆசிரியரும் காக்கைபாடினியாரே. பெயர் ஒன்றாயிருத்தலை மட்டும் கொண்டு இருவரையும் ஒருவராக்குவது, காரணப்பெயரை இயற்பெயராகக் கொண்ட முடிவேயாகும். அது சரியாகவும் இருக்கலாம். ஆனால் பெயர் அதற்குச் சான்றாகாது.

இரும்பிடர்த்தலையார் செய்தி இன்னும் சிக்கலானது. யானையின் பிடரியைக் கூறும் புறநானூறு 3ஆம் பாடலின் தொடரே இப்பெயர். அப்பாடல் பாண்டியன் கருங்கை ஒள்வாட் பெரும்பெயர் வழுதியைப் பாடுகிறது. சோழன் கரிகாலனின் இளமையில் அவனுக்குத் துணைநின்றவராகப் பழமொழி நானூறு ஒருவரைப் 'பிடர்த்தலை' என்று சுட்டுகிறது. இரண்டையும் இணைத்து, இப்புலவர் கரிகாலனின் அம்மான் எனும் வரலாறு வளர்ந்தது. புறநானூற்றுப் பெயர் பாடற்றொடரால் அமைந்தது எனின், கரிகாலனின் துணைவர்க்கு அதே பெயர் வாய்த்தது எவ்வாறு? ஒன்று, பாடலால் பெற்ற பெயரே அவருக்கு வாழ்நாளில் வழங்கியிருக்க வேண்டும். அன்றேல் இரு பெயர்களும் தொடர்பற்றவை. அம்மான் உறவை உறுதியாகக் கூறுவோர் இவ்வினாவிற்கு முதலில் விடைகூறக் கடமைப்பட்டவர்கள்.

எதிர்ப்புறமும் நோக்கத்தக்கது. இயற்பெயர் பலர்க்கு ஒன்றாயின், காரணமே ஆளைப் பிரித்துக் காட்டுகிறது. கடுங்கோ என்னும் பெயருடையோரைப் பாலை பாடிய பெருங்கடுங்கோ, மருதம் பாடிய இளங்கடுங்கோ என அடைகளே வேறுபடுத்துகின்றன. ஆகவே காரணப்பெயரைத் தாழ்ந்த சான்றாக ஒதுக்குவதற்கில்லை. அது எதற்குச் சான்று என்று அறிந்து ஆளுதலே வேண்டுவது.

1940இல் சைவ சித்தாந்த மகா சமாசம் வெளியிட்ட சங்க இலக்கியப் பதிப்பு பாடல்களைப் புலவர் வரிசையில் அமைத்தது. ஒரு புலவரின் பாடல்களை ஒருங்கே காண அது பெரிதும் உதவியது. ஆனால் குறுந்தொகை 40ஐப் பாடியவர், தம் இயற்பெயரில் வேறு பாடல்களுக்கும் உரியவராக அதே வரிசையில் வேறிடத்தில் இருக்கக்கூடும் என்பதை இவ்வகை அமைப்பு காட்ட இயலாது. இன்று உருவாகும் மின்தரவுத்தளங்களும் அவ்வமைப்பையே பின்பற்றி, ஒவ்வொரு பெயருக்கும் ஓர் ஆள் எண்ணை வழங்குகின்றன. தொடரால் அமைந்த பெயர்களுக்கு ஆள் எண் இடாமல் பாடல் எண்ணோடு மட்டும் இணைத்து, ஓரேருழவர்போல் இரு தொகைகளில் வருவனவற்றுக்குத் தனிக் குறியிட்டால், ஆள்களின் எண்ணிக்கை குறையும். அவ்வெண்ணிக்கையின்மேல் செய்யப்படும் நடை ஒப்பீடுகளும் ஆண், பெண் புலவர் விகிதக் கணக்குகளும் மாறும்.